லைன் வீடுகளுக்கு நடுவே ஒரு வைஃபை கடை

இந்தக் காலத்தில் காசு கொடுத்து வைஃபை வாங்க ஆள் இருக்கிறதா என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபிறகு டேட்டா மலிந்துவிட்டது, எல்லார் கையிலும் போன் இருக்கிறது, அப்புறம் எதற்கு இது என்பார்கள். கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் வீட்டில் ஃபைபர் இணைப்பு இருக்கும், கையில் 5ஜி போன் இருக்கும். திருப்பூரில் பனியன் கம்பெனிகளை ஒட்டிய தெருக்களில் ராத்திரி ஒன்பது மணிக்கு நடந்து பார்த்தவர்கள் இதைக் கேட்பதில்லை.

அந்தத் தெருக்களில் லைன் வீடுகள் இருக்கின்றன. ஒரே நீளக் கூரை, அதன்கீழ் வரிசையாக அறைகள், அறைக்கு நான்கைந்து பேர். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த இளைஞர்கள் ஒரு பக்கம், தென்மாவட்டங்களிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்கள் இன்னொரு பக்கம். ஒன்றரை ஷிப்ட் முடித்து எட்டரைக்கு வெளியே வந்து, சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, ஊரில் இருக்கும் அம்மாவுக்கோ மனைவிக்கோ வீடியோ கால் போட உட்காரும்போது அன்றைய ஒன்றரை ஜிபி ஏற்கெனவே தீர்ந்திருக்கும். 2024 ஜூலையில் மொபைல் கம்பெனிகள் கட்டணத்தை ஏற்றின. ஜியோவில் தினம் ஒன்றரை ஜிபி தரும் 28 நாள் பிளான் 239 ரூபாயிலிருந்து 299 ஆனது. அதோடு, வரம்பில்லாத 5ஜி என்பது தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் தரும் பிளான்களுக்கு மட்டும் என்றும் ஆனது. 5ஜி போனே இல்லாதவருக்கு அந்தச் சலுகையால் எந்தப் பயனும் கிடையாது. பழைய 4ஜி போன், ஒன்றரை ஜிபி பிளான், சனிக்கிழமைச் சம்பளம். காசு கொடுத்து வைஃபை வாங்கும் மனிதர் இவர்தான். அவருக்காகத்தான் என் மச்சானின் மளிகைக் கடையை மையமாக வைத்து இந்த ஹாட்ஸ்பாட்டுகளைப் போட்டோம். கடை அவருடையது, கருவிகள் பக்கம் என்னுடையது.

இதைச் சட்டப்படி எப்படிச் செய்வது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு ஒரு ஃபைபர் இணைப்பு வாங்கி, பாஸ்வேர்டைக் காசுக்குக் கொடுப்பது சரியான வழி இல்லை. இணையத்தை விற்க உரிமம் வேண்டும். அந்த உரிமம் இல்லாமல் ஒரு சின்னக் கடைக்காரரும் விற்கலாம் என்று வழி திறந்த திட்டம்தான் பிஎம்-வாணி. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 மார்ச்சில் இதற்கான பரிந்துரையைக் கொடுத்தது. அதே ஆண்டு ஒரு முன்னோட்டமும் நடத்தியது. ஷாம்பு பாக்கெட் விற்பது போல 2 ரூபாயிலிருந்து 20 ரூபாய் வரை சின்னச் சின்னப் பொட்டலமாக இணையம் கிடைக்க வேண்டும் என்பது அப்போதே பேசப்பட்ட கணக்கு. மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது 2020 டிசம்பர் 9.

திட்டத்தில் நான்கு பேர் இருக்கிறார்கள். கடையில் பெட்டியை மாட்டி இணையம் விற்பவர் பிடிஓ. பல பிடிஓக்களைச் சேர்த்துக்கொண்டு யார் உள்ளே வந்தார், எவ்வளவு பயன்படுத்தினார், எவ்வளவு காசு என்ற கணக்கைப் பார்ப்பவர் பிடிஓஏ. பயனரைப் பதிவு செய்து, பக்கத்தில் எங்கே ஹாட்ஸ்பாட் இருக்கிறது என்று காட்டும் செயலியை நடத்துபவர் மூன்றாமவர். இவர்கள் எல்லாருடைய விவரத்தையும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் மையப் பதிவேடு நான்காவது, அதைப் பராமரிப்பது மத்திய அரசின் தொலைத்தொடர்பு ஆராய்ச்சி நிறுவனமான சி-டாட். பிடிஓவுக்கு உரிமம் வேண்டாம், அரசிடம் பதிவும் வேண்டாம், கட்டணமும் இல்லை. பிடிஓஏவும் செயலி நடத்துபவரும் மட்டும் தொலைத்தொடர்புத் துறையில் பதிய வேண்டும், அதற்கும் கட்டணம் கிடையாது.

சி-டாட் பெயரை இங்கே பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. 1984இல் தொடங்கி, இந்தியக் கிராமங்களுக்குத் தொலைபேசி இணைப்பகங்களைச் செய்துகொடுத்த அதே நிறுவனம். அதன் பின்னால் வந்த எஸ்டிடி பூத் எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்பது எண்பது, தொண்ணூறுகளில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். வீட்டில் போன் இல்லாதவர் காசு கொடுத்துப் பேசினார். அந்தக் காசில் ஒரு பங்கு தெருவிலேயே தங்கியது. பொது வைஃபைக்கும் அதே ஏற்பாட்டைத்தான் டிராய் மாதிரியாக எடுத்துக்கொண்டது. அது சரியான மாதிரி என்று நான் நம்புகிறேன்.

இடம் தேர்வுதான் முதல் வேலை, பாதி வேலையும் அதுதான். மக்கள் கடந்துபோகும் இடத்தில் வைஃபை விற்காது. பேருந்து நிறுத்தம், கடைவீதி, கோயில் வாசல் எல்லாம் கூட்டத்தைப் பார்த்து ஆசைப்பட வைக்கும். ஆனால் பத்து நிமிடம் நிற்பவர் தன் மொபைல் டேட்டாவிலேயே வேலையை முடித்துக்கொண்டு போய்விடுவார். மணிக்கணக்காக ஒரே இடத்தில் இருப்பவர்தான் வாங்குவார். லைன் வீடு, ஆண்கள் விடுதி, பெண்கள் விடுதி, லாரி பேட்டை, அரசு மருத்துவமனையில் நோயாளியோடு தங்குபவர்கள் காத்திருக்கும் கூடம், இப்படி.

ரயில் நிலையங்கள் இதற்குப் பெரிய அளவில் ஒரு பாடம். கூகிளும் ரயில்வேயின் தொலைத்தொடர்பு நிறுவனமான ரெயில்டெல்லும் சேர்ந்து 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கி, 2018 ஜூனில் 400 நிலையங்களை எட்டின. வேகமும் தரமும் அருமை, அதுவும் இலவசம். ஆனால் 2020 பிப்ரவரியில், மொபைல் டேட்டா மலிந்துவிட்டது, இனி இதற்குத் தேவை குறைவு என்று கூகிள் விலகிக்கொண்டது. ரெயில்டெல் தொடர்ந்து நடத்தியது. 2021 மார்ச்சில் சுமார் 4,000 நிலையங்களில் கட்டணத் திட்டம் வந்தது: தினம் அரை மணி நேரம் 1 எம்பிபிஎஸ் வேகத்தில் இலவசம், அதற்கு மேல் வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு 10 ரூபாயில் 5 ஜிபி. கூகிள் சொன்ன காரணம் நிலையத்தில் காத்திருக்கும் பயணிக்குப் பொருந்தும். மாதம் முழுக்க ஓர் அறையில் நான்கு பேரோடு வாழ்பவருக்குப் பொருந்தாது. பொது வைஃபையின் காலம் முடிந்துவிட்டது என்று அப்போது எழுதிய பலர் இந்த இரண்டு பேரையும் ஒன்றாகவே எண்ணினார்கள்.

இனி இந்தத் தொழிலின் முக்கிய முடிச்சுக்கு வருகிறேன். கருவிகளைப் பற்றி இணையத்தில் ஆயிரம் வீடியோ கிடைக்கும். இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு.

நம்மிடம் இணையம் வாங்க வருபவரிடம் இணையம் இல்லை. அதனால்தான் வருகிறார். ஆனால் ஜிபேயோ போன்பேயோ வைத்துக் காசு கட்ட இணையம் வேண்டும். போன் நம் வைஃபையில் சேர்ந்தவுடன், தான் உண்மையிலேயே இணையத்தில் இருக்கிறேனா என்று ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கும். வழி அடைத்திருப்பது தெரிந்தவுடன் ஒரு சின்ன உலாவி திறந்து நம்முடைய உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டும். அந்தச் சின்ன உலாவி முழு உலாவி கிடையாது. அதிலிருந்து யுபிஐ செயலிக்குத் தாவ முயன்றால் பல போன்களில் தாவாது. தாவினாலும் திரும்பி வரும்போது பக்கம் மூடியிருக்கும். காசு கட்டுவதற்குத் தேவையான முகவரிகளை மட்டும் முன்கூட்டியே திறந்துவைக்கலாம் என்பார்கள். வங்கிக்கு வங்கி, செயலிக்குச் செயலி அந்த முகவரிகள் வேறு. இன்று வேலை செய்யும் பட்டியல் அடுத்த அப்டேட்டில் உதவாது. அதனால் நாங்கள் செய்தது, மொபைல் எண்ணைப் பதிந்த யாருக்கும் காசு கட்டுவதற்காக ஐந்து நிமிடம் மெதுவான வேகத்தில் எல்லாவற்றையும் திறந்துவிடுவது. அந்த ஐந்து நிமிடத்தில் வாட்ஸ்அப்பில் நாலு செய்தி பார்த்துவிட்டுக் காசு கட்டாமல் போகிறவர்கள் உண்டு. போகட்டும். அவசரத்துக்கு ஒரு செய்தி பார்க்க ஐந்து நிமிடம் கொடுப்பதில் நமக்கு எந்த நஷ்டமும் இல்லை.

ஓடிபி இன்னொரு முட்டுக்கட்டை. பயனர் யார் என்று தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி, அதற்கு மொபைல் எண்ணில் ஓடிபி வாங்க வேண்டும். ரீசார்ஜ் முடிந்தால் முதலில் வெளியே போகும் அழைப்பு நிற்கும். மேலும் சில நாள் போனால் உள்ளே வரும் குறுஞ்செய்தியும் நின்றுவிடும். அப்படி நின்றுபோனவருக்கு நம் ஹாட்ஸ்பாட் இன்னும் அதிகமாகத் தேவை, ஆனால் அவரால் உள்ளே வர முடியாது. ரீசார்ஜ் இருக்கும்போதே ஒருமுறை பதிந்துவைத்துவிட்டால் பிறகு கடையில் வாங்கும் சீட்டின் எண் மட்டும் போதும் என்று அமைத்துக்கொள்வதுதான் இதற்கு வழி. புதிதாகக் குடிவருபவர்களிடம் மச்சான் அரிசி பருப்பு கொடுக்கும்போதே இதைச் சொல்லிவிடுவார்.

ஆகவே பணம், ரொக்கமாக, கல்லாவில். இதைக் கேட்டால் தொழில்நுட்ப நண்பர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஐந்து ரூபாய் நாணயம் கொடுத்தால் ஒரு துண்டுச் சீட்டு, அதில் ஓர் எண், எண்ணைத் தட்டினால் இணையம். இதைவிட எளிய முறையை நான் இன்னும் பார்க்கவில்லை. பிலிப்பைன்ஸில் இதையே இயந்திரமாகச் செய்துவைத்திருக்கிறார்கள். பீசோ வைஃபை என்று பெயர். மளிகைக் கடை வாசலில் ஒரு சின்னப் பெட்டி, அதில் நாணயம் போடும் வாய், உள்ளே ஒரு மலிவான கணினிப் பலகை. ஒரு பீசோ போட்டால் சில நிமிடம் இணையம். ஆயிரக்கணக்கான கடைகளில் அது ஓடுகிறது. நாணயம் போடும் கைக்கு வங்கிக் கணக்கு வேண்டாம், செயலி வேண்டாம். நம் ஊரில் யுபிஐ எவ்வளவுதான் பரவியிருந்தாலும், வேலைக்கு வந்து முதல் மாதம் ஆன பத்தொன்பது வயதுப் பையனிடமும், கணவர் போனை வாங்கிப் பேசும் பெண்ணிடமும் சில்லறைதான் இருக்கிறது.

சீட்டில் தமிழோடு இந்தியும் ஒடியாவும் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய், வாரத்துக்கு முப்பது என்று விலை வைத்தோம். திருப்பூரில் சம்பளம் சனிக்கிழமை என்பதால் வாரச் சீட்டு சனி இரவும் ஞாயிறு காலையும் விற்கும். புதன், வியாழனில் கை வறண்டுபோய் ஐந்து ரூபாய்ச் சீட்டுக்கு வருவார்கள். மாதச் சீட்டு என்று ஒன்றை வைத்தால் எங்கள் தெருவில் யாரும் தொடமாட்டார்கள். விலையை ஊரின் சம்பள நாளை வைத்துத்தான் போட வேண்டும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பிலோ, கல்லூரி விடுதியிலோ இதே சீட்டு வேறு அளவில் இருக்கும்.

ஒருவர் சீட்டு வாங்கித் தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு அறையில் இருக்கும் மூன்று பேருக்குக் கொடுப்பார். இதைத் தடுக்க ரவுட்டரில் வழி உண்டு. தடுக்கக்கூடாது என்பது என் கட்சி. நான்கு பேர் ஒரு சோற்றுப்பானையில் சாப்பிடும் அறை அது. அங்கே ஒருவர் மட்டும் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? அறைக்கென்று ஒரு வாரச் சீட்டு, நான்கு போன் வரைக்கும், தனித்தனியாக வாங்குவதைவிட மலிவாகப் போட்டோம். பதுக்கிக் கொடுக்கும் வேலையே இல்லாமல் போனது. கணக்கும் சரியாக வருகிறது, ஏனென்றால் யார் எவ்வளவு இழுக்கிறார்கள் என்று தெரிகிறது.

சீட்டைப் போனின் மேக் முகவரியோடு (வைஃபையில் ஒரு போனை அடையாளம் காட்டும் எண்) கட்டிவைக்கும் பழைய வழக்கம் இப்போது உதவாது. ஆண்ட்ராய்டு 10 வந்த 2019இலிருந்தும், ஐபோன்களில் 2020இன் ஐஓஎஸ் 14இலிருந்தும் போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் முகவரியைக் காட்டுகின்றன. பயனரின் தனியுரிமைக்கு அது நல்லதே. ஆனால் யாருடைய போனிலாவது அந்த முகவரி மாறிவிட்டால், பாதி தீர்ந்த சீட்டு செல்லாது என்று கடைக்கு வந்து நிற்பார். சீட்டு எண்ணோடும் மொபைல் எண்ணோடும் கணக்கைக் கட்டி, புதிய போன் உள்ளே வந்தால் பழையதை வெளியேற்று என்று சொல்லிவைப்பதுதான் சரி.

இணைப்பின் கணக்கு இப்படி. வீட்டு ஃபைபர் பிளான்களில் ‘அன்லிமிடெட்’ என்று போட்டிருந்தாலும் பலவற்றில் மாதம் 3,300 ஜிபிக்கு மேல் போனால் வேகம் சரியும். அதை முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு 110 ஜிபி. நாற்பது பேர் என்று வைத்தால் ஆளுக்கு இரண்டே முக்கால் ஜிபி. அதனால்தான் நாள் சீட்டுக்கு 2 ஜிபி என்ற வரம்பு. வேகத்தைப் பொறுத்தவரை 1 எம்பிபிஎஸ் ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி ஆகும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் போதும். நாற்பது பேர் இருந்தாலும் ஒரே நொடியில் நாற்பது பேரும் இழுப்பதில்லை. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் ஆளுக்கு 4 என்று உச்சவரம்பு வைத்தால் ஒன்பதரைக் கூட்டத்தையும் தாங்கும்.

ஆனால் வெறும் வேகத்தை வைத்து மட்டும் ஒரு ஹாட்ஸ்பாட்டை எடைபோட முடியாது. ஒருவர் படம் இறக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்து அறைக்காரர் ஊருக்குப் பேசும் வீடியோ கால் உறைந்து நிற்கக்கூடாது. வீடியோ காலுக்கு வேகம் அதிகம் வேண்டாம், 1 எம்பிபிஎஸ்ஸுக்குள் அடங்கிவிடும். அதன் தரவுத் துண்டுகள் வரிசையில் காத்துக்கிடக்காமல் உடனே போக வேண்டும், அவ்வளவுதான். ரவுட்டரில் கேக், எஃப்க்யூ-கோடெல் என்று வரிசையை நியாயமாகப் பிரிக்கும் முறைகள் இருக்கின்றன. மைக்ரோடிக் ரவுட்டர்களின் புதிய மென்பொருளிலும் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருளிலும் அவை இலவசமாகவே உண்டு. ஒரு புது ஆக்சஸ் பாயிண்ட் (வைஃபை சிக்னலைப் பரப்பும் பெட்டி) வாங்குவதற்கு முன்னால் இதைப் போடுங்கள். எங்கள் தெருவில் வாடிக்கையாளர்கள் சொல்லும் ஒரே பாராட்டு, ‘கால் கட் ஆகவில்லை’ என்பதுதான். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டாம். மகளின் முகத்தை வாரத்துக்கு ஒருமுறை போனில் பார்ப்பவரின் அந்த இருபது நிமிடத்துக்கு நான் பொறுப்பு.

அலைவரிசை விஷயம் சுருக்கமாக. பழைய போன்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே தெரியும், அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். 5 கிகாஹெர்ட்ஸை வெளிப்புறத்திலும் உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்று 2018 அக்டோபரில் அனுமதி வந்துவிட்டது, எனவே முடிந்தவரை போன்களை அங்கே தள்ளுங்கள். தகரக் கூரைக்கு மேலே பெட்டியை மாட்டினால் கீழே சிக்னல் வராது. அறைகளுக்கு முன்னால் ஓடும் நடையில், கூரைக்குக் கீழே, கதவுகளைப் பார்த்து மாட்ட வேண்டும். தொலைவில் நின்று மெல்லிய சிக்னலில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு போன், எல்லாருடைய நேரத்தையும் தின்றுவிடும். சிக்னலின் வலிமை மைனஸ் 75 டிபிஎம்முக்குக் கீழே போனால் இணைப்பை விட்டுவிடு என்று அமைத்துவிடலாம். ஒரு போனிலிருந்து இன்னொரு போன் தெரியாதபடி பிரித்துவைப்பதும் கட்டாயம்.

மின்சாரம் போனால் கடையில் விளக்கு அணையும், ஆனால் அதே நேரத்தில்தான் சீட்டு அதிகம் விற்கும். மின்விசிறி ஓடாத அறையில் தூக்கம் வராது, எல்லாரும் வெளியே வந்து உட்கார்ந்து போன் பார்ப்பார்கள். 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒன்று ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் இரண்டு மூன்று மணி நேரம் இழுக்கும். வெளியே மாட்டிய ஆக்சஸ் பாயிண்ட்டுக்குக் கேபிள் வழியே மின்சாரம் போவதால் அதற்குத் தனியாக ஒன்று வேண்டும், வோல்டேஜைப் பார்த்து வாங்குங்கள். ஐப்பசி மழையில் இடி இறங்கினால், ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்த செம்புக் கேபிள் வழியாகப் பெட்டிகள் வரிசையாகப் பழுதாகிப் போகும். கட்டடம் தாண்டும் இடத்தில் ஃபைபர் இழுத்துவிடுவது, ஒரு மழைக்காலத்திலேயே போட்ட காசை மீட்டுத் தரும்.

பயனர் விவரம் பற்றி ஒரு வார்த்தை. யார் எப்போது சேர்ந்தார் என்ற பதிவை ஓராண்டு வைத்திருக்க வேண்டியது பிடிஓஏவின் பொறுப்பு. கடைக்காரரிடம் அந்தப் பட்டியல் இருக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனால் நூற்றுக்கணக்கான மொபைல் எண்கள், அதுவும் வெளிமாநிலத் தொழிலாளர்களின் எண்கள் ஒரே இடத்தில் இருக்கின்றன என்று தெரிந்தால் கேட்டு வருபவர்கள் உண்டு. லோன் கொடுப்பவர், சிம் விற்பவர், ஆள் பிடிக்கும் ஏஜென்ட் என்று பல பேர். ஒருவர் நல்ல தொகையே சொன்னார். “அண்ணா, எங்ககிட்ட நம்பரே இல்லீங்க” என்று மச்சான் சொல்லி அனுப்பிவிட்டார். அது உண்மைதான், அப்படி அமைத்திருக்கிறோம். சட்டப்படி காவல்துறை கேட்டால் அது பிடிஓஏ வழியாகப் போகும். மற்ற யாருக்கும் ஓர் எண் கூட இல்லை.

இப்போது மனசில் கிடக்கும் விஷயம். 2018இன் தேசிய டிஜிட்டல் தகவல்தொடர்புக் கொள்கை 2022க்குள் நாட்டில் ஒரு கோடி பொது வைஃபை ஹாட்ஸ்பாட்டுகள் வேண்டும் என்று எழுதியது. இன்று வரை சில லட்சங்களைத்தான் எட்டியிருக்கிறோம். மக்களுக்குத் தேவை இல்லை என்பதால் இப்படி ஆகவில்லை. கடைக்காரருக்கு இணைப்பு கிடைத்த விலைதான் காரணம். பொது வைஃபைக்கு என்று கேட்டால், வீட்டு ஃபைபர் தரமாட்டோம், லீஸ்டு லைன் (நிறுவனங்களுக்கென்று தனியாக ஒதுக்கித் தரும் இணைப்பு) எடுங்கள் என்பதே பல இடங்களில் கிடைத்த பதில். வீட்டு இணைப்போடு ஒப்பிட்டால் லீஸ்டு லைனின் விலை பல மடங்கு. ஐந்து ரூபாய்ச் சீட்டு விற்று அதைக் கட்டவே முடியாது. எங்களுக்கும் தொடக்கத்தில் இதே பதில்தான் கிடைத்தது. “வீட்டு பிளான் வேறங்க, கடை பிளான் வேறங்க” என்று ஒரு நிறுவனத்தின் ஆள் சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் எங்கள் பகுதி கேபிள்காரர் ஒருவர் மூலமாகத்தான் நியாயமான விலையில் இணைப்பு கிடைத்தது. அந்தக் கேபிள்காரர் இல்லாத தெருவில் இந்தத் தொழில் பிறக்கவே பிறந்திருக்காது.

டிராய் 2024 ஆகஸ்டில் இந்த விலை பற்றிக் கருத்துக் கேட்டது. வீட்டு விலையிலேயே பிடிஓவுக்கும் கொடு என்பதுதான் முதலில் முன்வைக்கப்பட்ட யோசனை. பெரிய கம்பெனிகள் எதிர்த்தன. 2025 ஜூன் 16 அன்று வந்த கட்டண ஆணை நடுவில் ஓர் இடத்தில் நின்றது: வீட்டுக்கு விற்கும் 200 எம்பிபிஎஸ் வரையிலான எல்லா ஃபைபர் பிளான்களையும் பிடிஓவுக்கும் தர வேண்டும், விலை வீட்டு விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போகக்கூடாது. இரண்டு மடங்கு என்பது சின்னக் கடைக்கு இன்னும் பாரம்தான். வீட்டு விலை 1,000 என்றால் நமக்கு 2,000 வரை, ஜிஎஸ்டி சேர்த்தால் 2,360. வாரம் நாற்பது சீட்டு முப்பது ரூபாய்க்கு விற்றால் மாதம் சுமார் 4,800 வரும். அதில் பிடிஓஏவின் பங்கும் மின்சாரமும் போனால் கையில் மிஞ்சுவது மளிகைக் கடையின் ஒரு மாத வாடகையில் ஒரு பகுதி. தனித் தொழிலாக இதை நம்பி யாரும் இறங்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏற்கெனவே கல்லா இருக்கும் கடைக்கு இது நல்ல துணை வருமானம். சீட்டு வாங்க வருபவர் கூடவே ஒரு பால் பாக்கெட்டும் வாங்கிப் போகிறார் என்பதை மச்சான் கணக்கில் சேர்க்கிறார், நான் சேர்ப்பதில்லை.

ஒரு மடங்காக இருந்திருந்தால் எத்தனை தெருக்களில் இது வந்திருக்கும் என்று நினைக்கும்போது கோபம் வருகிறது. வீட்டுக்காரர் நான்கு பேர் பயன்படுத்தினாலும், லைன் வீட்டில் நாற்பது பேர் பயன்படுத்தினாலும் 3,300 ஜிபிக்குப் பிறகு வேகம் சரியத்தான் போகிறது. கம்பெனிக்கு அதில் என்ன கூடுதல் செலவு? வசதி உள்ளவரின் வீட்டுக்கு ஒரு விலை, வசதி இல்லாத பத்துப் பேர் சேர்ந்து எடுக்கும் இணைப்புக்கு இன்னொரு விலை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆனாலும் இரண்டு மடங்கு என்ற உச்சவரம்பு இப்போது கையில் இருக்கும் கருவி. உங்கள் ஊரில் இதைத் தொடங்க நினைத்தால் பெட்டி எதுவும் வாங்காதீர்கள். முதலில் ஒரு பிடிஓஏவிடம் சேர்ந்து, பிடிஓ என்பதற்கான சான்றை எழுத்தில் வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதியில் ஃபைபர் தரும் ஒவ்வொருவரிடமும் போய், பிஎம்-வாணி பிடிஓவுக்கான கட்டணம் என்ன என்று கேளுங்கள். முன்மேசையில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பு அதிகம். 2025 ஜூன் 16 கட்டண ஆணை, தொலைத்தொடர்புக் கட்டண 71ஆவது திருத்தம் என்று பெயர் சொல்லி, பதிலை மின்னஞ்சலில் கேளுங்கள். பகுதி கேபிள்காரரையும் விட்டுவிடாதீர்கள். அவர் சொல்லும் விலையும் கம்பெனியின் விலையும் கையில் வந்தபிறகு, உங்கள் தெருவில் சம்பளம் எந்தக் கிழமை என்று விசாரித்துவிட்டு, சீட்டுக்கு விலை போட உட்காரலாம்.